கருப்பர் தட்டில் வைத்த சாவி

8 ஜூலை 2025, செவ்வாய்

இந்த டைரி பொங்கலுக்கு ஆயில் கம்பெனியில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் முதல் பக்கத்தில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறார். நாகராசு, மெக்கானிக், திருக்கோகர்ணம். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. மீதி எல்லாம் வெள்ளைப் பக்கம்.

நான் ஏழாவது வரை படித்தவள். கடிதம்கூட எழுதிப் பழக்கமில்லை. திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் இலக்கியாதான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது சொன்னாள், "மனசுல கெடக்குறத எழுதி வைம்மா, யாரும் வந்து திருத்தப் போறதில்ல" என்று.

இன்றோடு முப்பத்தாறு நாள்.

காலையில் தெருமுனைக்குப் போய் ஷெட்டைத் திறந்து கூட்டினேன். ஆயில் கறையைத் தேய்க்கவில்லை. சுவரில் கருப்பர் படம், அதற்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு. அவர் போட்ட சட்டம் அது. வண்டிக்கு அடியில் ஆள் இருந்தால் சாவி கருப்பர் தட்டில் இருக்கணும். யாரும் தெரியாமல் ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது என்று. இருபது வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. இப்போது தட்டு காலி. துடைத்து வைத்தேன்.

போலீசில் ஜாக்கி நழுவி விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஊர் வேறு மாதிரி பேசுகிறது. கூட வேலை பார்த்த மரியசெல்வம் ஸ்டாண்டு கொடுக்காமல் டீ குடிக்கப் போய்விட்டானாம். ஸ்டாண்டு என்றால், வண்டியைத் தூக்கிய பிறகு ஜாக்கியை நம்பாமல் அடியில் நிறுத்துகிற இரும்புக் கால். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவனை, என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன், வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு வருஷம் எங்கள் வீட்டுச் சோறு தின்றவன். சாப்பிடாமலே போனான்.

நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

9 ஜூலை

ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. சொல்வதற்கு ஆள் இல்லை.

13 ஜூலை, ஞாயிறு

மரியசெல்வத்தின் பெண்சாதி அன்புமொழி வந்தாள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறாள், தலையில் முக்காடு இன்னும் சரியாக இறங்கவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரர எந்த ஷெட்டுலயும் சேத்துக்க மாட்டேங்குறாங்க. மொதலாளிய சாக விட்டவன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. கறம்பக்குடியில நெல்லு மூட்ட தூக்குறாரு. முதுகு ரெண்டா ஒடியுது."

நான் காபி போடப் போனேன். அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"அன்னைக்கு அவரு டீ குடிக்கப் போகல. பிரேக் ஷூ வாங்க நாகராசு அண்ணன்தான் கடைக்கு அனுப்பிச்சாரு. ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவரு மேல தப்பில்லைன்னு. ஒரே வார்த்த."

"பாப்பம்" என்றேன். பாப்பம்! என்ன பேச்சு அது.

காபியைத் தொடாமலே போனாள். ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. கீழே ஊற்றினேன்.

எனக்குத் தெரியும். மரியசெல்வம் மேல் தப்பில்லை என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

எப்படித் தெரியும்? நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எழுதிவிட்டேன். நாளைக்கு மீதி.

14 ஜூலை

அந்த வண்டி முருகப்பன் ஐயாவுடையது. திருமயம் பக்கத்து ஊர்க்காரர், சென்னையில் இருக்கிறார், திருவிழா விசேஷத்துக்கு வந்து போவார். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் ஹைபிரிட் கார். ஐம்பது அறுபதில் போனால் கீழேயிருந்து வண்டு உறுமுவது மாதிரி ஒரு சத்தம். எந்தச் சக்கரத்தில் என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஜூன் மூன்றாம் தேதி. ஒரு மணிக்கு சோறு கொண்டுபோனேன். மரியசெல்வம் சாவியைக் கருப்பர் தட்டில் வைத்துவிட்டு அப்போதுதான் கடைக்குக் கிளம்பியிருந்தான். இரண்டு ஸ்டாண்டும் பின்னால் ஒரு லோடு வேனுக்கு அடியில் மாட்டியிருந்தன. இவர் பின்சக்கரங்களை முன்னமே தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டார். அதற்காக ஹேண்ட் பிரேக்கை இறக்கியவர், திரும்பப் போடவில்லை. உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குச் செங்கல்லும் அண்டை கொடுக்கவில்லை. இப்போது முன்னால் இடப்பக்கம் மட்டும் ஜாக்கியில் நின்றது. கியர் பூட்டிக்கொண்டு சக்கரம் சுற்ற மாட்டேன் என்றது.

"வந்தியா. நல்ல நேரத்துலதான் வந்த. ஏறி உக்காரு. பிரேக்க மிதிச்சுக்கிட்டு அந்தப் பட்டன ஒரு தட்டுத் தட்டு. பொறவு லிவர N-னு போட்டிருக்குற எடத்துல நிறுத்து."

"சாப்பிட்டுட்டுப் பாருங்களேன். மரியசெல்வம் வரட்டும்."

"ரெண்டு நிமிஷ வேலைடி."

"எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"நீ என்ன ராமேஸ்வரத்துக்கா ஓட்டப் போற? ஏறு."

ஏறினேன். சோற்றுப் பையை லிவருக்குப் பக்கத்துச் சந்தில் வைத்தேன். பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினேன். இஞ்சின் ஓடவில்லை. ஒரு சத்தம் இல்லை.

"ஒண்ணும் ஆகலைங்க."

"ஆகக் கூடாது. அதுதான் வேணும்."

ஆனால் எனக்கு நேரே பச்சையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து எரிந்தது. நாலைந்து எழுத்து. மணி காட்டுகிற மாதிரி இதுவும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால்? இந்தக் கேள்விதான் என்னைத் தின்கிறது.

லிவரை N-க்குக் கொண்டுவந்தேன். "இப்ப கால எடு" என்றார். எடுத்தேன். அவர் சக்கரத்துக்குள் தலையையும் தோளையும் நுழைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றினார். இன்னொரு கை ஸ்பிரிங் மேல். காதில் கேட்காதது கையில் தெரியும் என்பார். அப்புறம் சொன்னார், "ஆங்... இங்கதான் இருக்கு."

சந்தோஷமாகச் சொன்னார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். இறங்குவதற்காகச் சோற்றுப் பையை இழுத்தேன். பைக் காது லிவரில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தேன். லிவர் ஒரு படி பின்னால் வந்தது — D என்ற இடத்துக்கு. நான் கவனிக்கவில்லை. சாமி சத்தியமாகக் கவனிக்கவில்லை.

இஞ்சின் சத்தமே இல்லாமல் சக்கரம் வேகம் எடுத்தது. "ஏய்" என்றார். அவ்வளவுதான். வண்டி ஒரு முழம் முன்னால் போய் ஜாக்கியை விட்டு இறங்கியது.

கத்திக்கொண்டே இறங்கினேன். வண்டி கீச்கீச்சென்று கத்தியது. திரும்ப உள்ளே எட்டிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அமுக்கியிருக்கிறேன். பச்சை எழுத்து அணைந்துவிட்டது. எதிர்த்த டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தபோது நான் தரையில் கிடந்தேன். சோறு கொட்டிக் கிடந்தது. சோறு கொண்டுவந்தவள் வாசலில் வைத்தே பார்த்துவிட்டாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். யாரோ தட்டைப் பார்த்து, "சாவி கருப்பர்கிட்டதான் இருக்கு, வண்டி ஆஃப்-லதான் இருந்திருக்கு, ஜாக்கிதான் வழுக்கிருச்சு" என்றார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் நாள் வாய் வரவில்லை. இரண்டாம் நாள் பயம். அப்புறம் நாளாகிவிட்டது.

19 ஜூலை

மூத்தார் ஆண்டிச்சாமி குன்றாண்டார்கோவிலிலிருந்து கடலை மூட்டையோடு வந்தார். தம்பி இல்லாத வீட்டில் யார் தின்பது. ஷெட்டைப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் கேட்கிறாராம், விட்டுவிடலாம் என்றார். அப்படியே பேச்சு மரியசெல்வத்துக்குப் போனது.

"அந்தப் பய மட்டும் ஸ்டாண்ட வச்சிருந்தான்னா, எந்தம்பி இன்னைக்கு இந்தா இந்த நாக்காலியில உக்காந்து எங்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு இருப்பான்."

"மாமா, ஸ்டாண்டு ரெண்டும் வேனுக்கு அடியிலதான் இருந்துச்சு. அவருதான் அவசரத்துல..."

"ஒனக்கு என்ன தெரியும்? நீ சோறு கொண்டு போனவ."

ஆமாம், சோறு கொண்டு போனவள்.

24 ஜூலை, ஆடி அமாவாசை

படையல் போட்டுக் காக்காய்க்கு வைத்தேன். கையை எடுப்பதற்குள் கொத்திக்கொண்டு போய்விட்டது. அவருக்கு எப்போதுமே பசி தாங்காது. அன்றைக்கு மட்டும்தான் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டார்.

29 ஜூலை

முருகப்பன் ஐயா போன் செய்தார். முதலில் இலக்கியா படிப்பைக் கேட்டார். அப்புறம் தயங்கித் தயங்கி:

"கேக்கவே எனக்குச் சங்கடமாத்தான் இருக்கும்மா. அந்தச் சத்தம் இன்னும் போகலை. இங்க ஒரு எடத்துல நாலு டயரும் மாத்துனாங்க. இன்னொரு எடத்துல ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைங்குறாங்க. எனக்கானா கூடிக்கிட்டேதான் போற மாதிரி இருக்கு. பேரப்பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போகப் பயமா இருக்கு. நாகராசு அன்னைக்கு ஏதாவது கண்டுபிடிச்சாரா? ஒங்ககிட்ட எதுவும் சொன்னாரா?"

"தெரியாதுங்க. நான் போறதுக்கு முன்னாடியே..." என்று நிறுத்திவிட்டேன்.

"சரிம்மா, சரி. மன்னிச்சுக்கங்க" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

என் வீட்டுக்காரர் கடைசியாகச் செய்த வேலை அது. கண்டுபிடித்துவிட்டார். இடப்பக்கம், முன்சக்கரம். அதை நான் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் வேலையை முடிக்காமல் செத்துப்போனார் என்று ஆக்கிவிட்டேன். இதற்கு என்ன பெயர்?

நாளைக்கே அந்தச் சக்கரம் வழியில் ஏதாவது ஆகி, அந்தப் பிள்ளைகளுக்கு —

வேண்டாம். எழுதக் கூடாது.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

இலக்கியா இரண்டு நாள் லீவில் வந்தாள். பண்டிகை எதுவும் இல்லை எங்களுக்கு. தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், பச்சை எழுத்து, பை, எல்லாம். ஒரு தோசை கருகிவிட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"மரியசெல்வம் மாமா இதுக்காகவா மூட்ட தூக்குறாரு?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய்விட்டாள்.

4 ஆகஸ்ட்

இலக்கியா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "அப்பாவ நீ வேணும்னு பண்ணலம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த மாமா விசயம் நீ தெரிஞ்சே பண்ணுன" என்றாள்.

சரியாகத்தான் சொல்கிறாள்.

6 ஆகஸ்ட், புதன்

கறம்பக்குடி பஸ் ஏறினேன். அவர் போனபிறகு முதல் தடவையாகப் பஸ். நிறுத்தத்தில் நின்ற எதிர்வீட்டு மருதாயி, "மூணு மாசம் முடியலையே, அதுக்குள்ள எங்கிட்டுக் கெளம்பிட்ட?" என்றாள். "ஒரு வேலையாத்தான்" என்றேன்.

நெல் குடோனில் கேட்டு விசாரித்துப் போனேன். மரியசெல்வம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மீசையெல்லாம் நெல் தூசி. என்னைப் பார்த்ததும் சாக்கை எடுத்துவிட்டு ஓடிவந்தான்.

"என்னக்கா, இலக்கியாவுக்கு எதுவுமா?"

"இல்ல தம்பி. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வேப்பமரத்துக்கு அடியில் நின்று சொன்னேன். நின்றபடியே கேட்டவன் பாதியில் குந்திவிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"பட்டன எத்தன தடவ அமுக்குனீங்க?" என்றான்.

"ஒரு தடவ."

"பிரேக்க மிதிச்சுக்கிட்டா?"

"ஆமா. அவரு அப்படித்தான் சொன்னாரு."

"பச்ச எழுத்து வந்துச்சுல்ல? அது ரெடின்னு எழுதியிருக்கும்க்கா. வண்டி ஓடத் தயாரா நிக்கிதுன்னு அர்த்தம். இஞ்சின் சத்தமே இருக்காது. கரண்டுல போயிரும்." நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் சாவியத் தட்டுல வச்சேனே. தட்டுல வச்சா பத்தும்னு நெனச்சேனே."

அவன் விளக்கிச் சொன்னான். பழைய வண்டிக்குச் சாவியைத் துவாரத்தில் போட்டால்தான் உயிர். இந்த வண்டிக்குச் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், பட்டன் வேலை செய்யும். கருப்பர் தட்டு வண்டியிலிருந்து இரண்டு எட்டு. இருபது வருஷம் எங்களைக் காப்பாற்றிய சட்டம் இந்த வண்டிக்குச் செல்லவில்லை. அது அவருக்கும் தெரியவில்லை, இவனுக்கும் தெரியவில்லை.

"ஜாக்கி எப்படி வழுக்குச்சுன்னு ரெண்டு மாசமா யோசிச்சிக்கிட்டே இருக்கேன்க்கா. மூட்டையத் தூக்கும்போதும் அதேதான். என் கையால துடைச்ச ஜாக்கி அது. எண்ணெப் பிசுக்க ஒழுங்காத் துடைக்கலையோ, நாந்தான் கொன்னுட்டனோன்னு..."

"என்ன மன்னிச்சிரு தம்பி."

அவன் எழுந்து சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டான்.

"ஊருல நீங்களே சொல்லணும். நான் சொன்னா, பழிய அக்கா மேல தூக்கிப் போடுறான்னுதான் சொல்லுவாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது பசித்தது. ரெண்டு மாசத்தில் முதல் தடவையாக.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மூத்தாரை வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். முகம் சுண்டிப்போனது.

"இத வெளிய யாருகிட்டயும் வாயத் தொறக்காத. போனவன் போயிட்டான். புருசனக் கொன்னவள்னு ஊரு ஒன்னச் சொல்லும். பொட்டப்பிள்ளைய எப்படிக் கட்டிக் குடுக்குறது?"

"அப்ப மரியசெல்வம்?"

"அவனுக்கு என்ன, ஆம்பள. நாலு நாள் பேசுவாங்க, மறந்துருவாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் முன்னால் குரல் உயர்த்தியதே இல்லை. "மாமா, ஒங்க தம்பிகிட்ட பன்னெண்டு வருசம் இருந்தவன். வாசல்ல நிறுத்தி அனுப்புனீங்களே. அவன் சாப்பிடாம போனான். அது ஒங்க தம்பிக்குப் பொறுக்குமா?" என்றேன்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். பேச்சு கிளம்பிய இடம் அதுதான். பெஞ்சில் ஆறேழு பேர். கடைக்காரர் சின்னப்பிள்ளை, "என்னம்மா, பால் வேணுமா?" என்றார்.

"இல்ல. ஒங்க எல்லாருகிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். மரியசெல்வம் டீ குடிக்கப் போகவில்லை, இவர்தான் அனுப்பினார், ஸ்டாண்டு வைக்காததும் இவர்தான், வண்டியில் இருந்தவள் நான் என்று.

யாரும் கிளாஸை வாயில் வைக்கவில்லை. கடைசியில் சின்னப்பிள்ளைதான், "நாந்தாம்மா அவன் டீ குடிக்க வந்தான்னு மொதல்ல சொன்னது. அது முந்தின நாளு. தேதிய மாத்திப் பேசிட்டேன்" என்றார். அழுதுவிட்டார் மனுஷன்.

11 ஆகஸ்ட்

ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னேன். ரைட்டர் நிதானமாக எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது, "இதுவும் விபத்துதாம்மா. ஆனா சொன்னது நல்லது" என்றார். பேனாவை மூடித் திரும்பக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

12 ஆகஸ்ட்

முருகப்பன் ஐயாவுக்கு நானே போன் செய்தேன். "இடப்பக்கம் முன்சக்கரம்ங்க. அவரு கண்டுபிடிச்சுட்டாரு. நான்தான் பொய் சொன்னேன்." எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இந்த மாதக் கடைசிக்குள்ள வண்டியோட வர்றேன். நாகராசு ஷெட்டுலதான் பாக்கணும்" என்றார்.

15 ஆகஸ்ட்

மருதாயி என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டி வந்தது. அதே வெள்ளை வண்டி. பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மரியசெல்வம் இரண்டு நாள் திருச்சிக்குப் போய், இந்த வண்டி பார்க்கிறவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்திருந்தான். அதைக் கருப்பர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான். வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். அவரிடம் இந்தப் பழக்கம் கிடையாது. அவருக்கு எல்லாம் மண்டையில்.

முதலில் வண்டியை அணைத்தான். எழுத்து ஒன்றும் எரியவில்லை என்று உள்ளே குனிந்து பார்த்தான், என்னையும் பார்க்கச் சொன்னான். பிறகு சாவியை என் கையில் கொடுத்தான்.

"தட்டு வேணாம்க்கா. நீங்க வச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போயிருங்க. நான் கூப்புடுற வரைக்கும் ரோட்டத் தாண்டாதீங்க."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டான். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தான். முன்பக்கம் இரண்டையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டிலும் உட்கார வைத்தான். வண்டியைத் தோளால் இடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கை போகக்கூடாது என்று முருகப்பன் ஐயாவிடம் சொன்னான், அதில் ஆளைக் கொல்கிற கரண்டாம்.

அப்புறம் வெளியே நின்றபடியே வண்டிக்குள் கையை நீட்டி, லிவருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பினான். உள்ளே ஒரு அமுக்கு. அமுக்கியபடி லிவரை இழுத்ததும் N-க்கு வந்தது. பட்டன் இல்லை, பிரேக் இல்லை, கரண்டே இல்லை.

நான் எழுந்துவிட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன்: "அப்ப ஆளு ஏற வேண்டியதே இல்லையா தம்பி?"

அவன் தலை நிமிராமல், "இல்லக்கா" என்றான்.

உட்கார்ந்துவிட்டேன். சின்னப்பிள்ளை ஒரு டீயைக் கையில் வைத்தார். குடித்தேனா, ஞாபகமில்லை.

சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினான். அதோடு உள்ளே மோட்டாரும் சேர்ந்து சுற்றுமாம், மிஷின் வைத்து வேகமாகச் சுற்றக் கூடாதாம். இடப்பக்கம் என்று நான் சொல்லியும் முதலில் வலப்பக்கத்தைத்தான் பார்த்தான். "நல்லது எப்படி இருக்கும்னு மொதல்ல கைக்குத் தெரியணும்" என்று முருகப்பன் ஐயாவிடம் சொன்னது இங்கே கேட்டது. அப்புறம் இடப்பக்கம் வந்தான். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை ஸ்பிரிங்கில். கண்ணை மூடிக்கொண்டான். மெதுவாகச் சுற்றினான். தெருவில் ஒரு டவுன் பஸ் போய் மறைத்தது. அது நகர்ந்ததும் அவன் குரல் வந்தது.

"ஆங்... இங்கதான் இருக்கு."

அதே இழுப்பு. பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவன். கடைசியாக அவர் வாயில் வந்த வார்த்தை எது என்று நான் அவனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

"அக்கா, வந்து கை வச்சுப் பாக்குறீங்களா?" என்றான். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். சின்னப்பிள்ளை, "எங்கிட்ட குடுங்கம்மா, சீனி டப்பாவுல போட்டு மூடுறேன். கருப்பரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றார். கொடுத்துவிட்டுப் போனேன்.

வலப்பக்கம் கை வைத்தேன். ஒன்றுமில்லை, பாலாடை மாதிரி வழுவழுவென்று போனது. இடப்பக்கம் வைத்தேன். ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்குள் ஒரு நறநறப்பு வந்தது. மாவாட்டும்போது கல் சிக்கினால் வருமே, அது. அவர் கைக்குக் கடைசியாக வந்தது இதுதான். கையை எடுக்க மனசில்லை. மரியசெல்வம் சுற்றிக்கொண்டே இருந்தான். போதும் என்று நான் சொல்கிறவரைக்கும் சுற்றினான்.

"தம்பி, அன்னைக்கு அவரும் இதேதான் சொன்னாரு. இங்கதான் இருக்குன்னு. அதுதான் கடைசியாப் பேசுனது" என்றேன்.

அவன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். அதிலேயே நெற்றியை வைத்துக்கொண்டான். அன்றைக்குக் காரியத்துக்கு வந்தபோது அழவிடாமல் அனுப்பினோம். இன்று அழுதான்.

25 ஆகஸ்ட்

இடப்பக்கச் சக்கரத்துப் பேரிங் மாற்றியாகிவிட்டது. முருகப்பன் ஐயா திருமயம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "ஒரு சத்தம் இல்லம்மா."

பழைய பேரிங்கை மரியசெல்வம் துடைத்து என்னிடம் கொடுத்தான். அலமாரியில் அவருடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

2 செப்டம்பர்

இலக்கியா போனில் பேசினாள். அரை மணி நேரம். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும்.

18 செப்டம்பர், வியாழன்

காலையில் மரியசெல்வம் ஷெட்டைத் திறந்து அரை மணி ஆகவில்லை, மூத்தார் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். குன்றாண்டார்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம். அங்கிட்டு மெக்கானிக்கே இல்லாத மாதிரி.

மரியசெல்வத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "கிளட்ச் சரியாப் புடிக்க மாட்டேங்குது. அவனப் பாக்கச் சொல்லு" என்றார்.

மரியசெல்வமும் என்னைப் பார்த்து, "வண்டியக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தச் சொல்லுங்கக்கா" என்றான். இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டு இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி.

மூத்தார் இறங்கினார். சாவியை உருவினார். பழக்கத்தில் கருப்பர் தட்டை நோக்கிப் போனவர், பாதியில் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கொஞ்ச நேரம் படித்தார். திரும்பி வந்து சாவியை என் கையில் வைத்தார். பிறகு மரியசெல்வம் பக்கம் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்றார்.

"ம்" என்றான் அவன். கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தான்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடியிலிருந்து குரல் வந்தது: "டிராக்டர் சாவிக்கு எதுக்குக்கா அம்புட்டுத் தூரம்? அது தட்டுலயே கெடந்தாப் பத்தும்."

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.

ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். நல்ல வெயில். அவன் வெளியே வந்து, "முடிஞ்சிருச்சு, கொண்டாங்க" என்று கூப்பிடுகிறவரைக்கும் கையை மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன்.